ஊதாச் சாறியும் மகள் சேரும்

எங்கள் கந்தோரில் இனிமேல் யூனிஃபோர்ம் சாறி கிடையாதாம்!

போன திங்கட்கிழமை காலை அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மூன்று மொழியிலும் இருந்தது. தமிழ் நான் செய்தது. மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் வேறு என்ன செய்வது? "கடந்த வருடம் ஏற்பட்ட அசௌகரியத்தைக் கருத்திற்கொண்டு, மகளிர் தின வைபவத்தின்போது பெண் உத்தியோகத்தர்கள் ஒரே நிறத்திலும் ஒரே வகையிலுமான சேலைகளை அணிவதைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும்."

அசௌகரியமாம்... அந்தச் சொல்லை நான் அடித்த அடியில் கீபோர்ட் இன்னும் சுகப்படவில்லை.

வெளிநாட்டிலிருந்து இந்தப் பத்தியை வாசிக்கும் சகோதரிகளுக்கு யூனிஃபோர்ம் சாறி என்றால் என்னவென்று மறந்திருக்கலாம். இலங்கை அரசாங்கக் கந்தோர்களில் ஒரு விழா வந்தால் போதும். முதல் கேள்வி, "என்ன விழா?" இல்லை. "என்ன கலர் சாறி?" கந்தோரில் உள்ள பெண்கள் எல்லோரும் ஒரே கடையில், ஒரே கட்டில் வெட்டிய சாறியை உடுத்திக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும். குண்டு, மெலிவு, கறுப்பு, சிவப்பு எல்லோருக்கும் அதே சாறி. என் அலுமாரியில் புதுவருஷத்து மஞ்சள் இருக்கிறது. மரநடுகைப் பச்சை இருக்கிறது. ஒரு அமைச்சர் கட்டடம் திறக்க வந்த நாளில் உடுத்திய மண்ணிறம் இருக்கிறது. அமைச்சர் போய்விட்டார், கட்டடம் ஒழுகுகிறது, சாறி மட்டும் புத்தம்புதுசாக இருக்கிறது.

ஆண்களுக்கு யூனிஃபோர்ம் இல்லையா என்று எங்கள் வீட்டு மனிதர் ஒருமுறை கேட்டார். இல்லை. அவர்கள் அன்று காலை வீட்டில் எது இஸ்திரி போட்டுக் கிடக்கிறதோ அதைப் போட்டுக்கொண்டு வருவார்கள்.

சரி, போன வருஷம் ஏற்பட்ட அந்த 'அசௌகரியம்' என்ன? அதைச் சொல்வதற்கு முதலில் மகள் சேரைச் சொல்ல வேண்டும்.

மகள் சேர் எங்கள் நிர்வாக உத்தியோகத்தர். கந்தோர் வழக்கில் ஏ.ஓ. சொந்தப் பெயர் வேண்டாம். இந்தப் பெயர் பெண்கள் சேர்ந்து வைத்தது. நெற்றியில் எந்நேரமும் திருநீறு, வாயில் எந்நேரமும் மகள். "மகள், அந்த ஃபைலைக் கொண்டு வாங்கோ." "மகள், சாப்பிட்டாச்சோ?" முதல் தடவை கேட்கும் பெண்ணுக்குக் கண் கலங்கிவிடும். இந்தப் பெரிய கொழும்பில் இப்படி ஒரு மனிதரா! இரண்டாம் தடவை மகள் என்னும்போது அவருடைய கை அவள் தோளில் இருக்கும். மூன்றாம் தடவை முதுகில் இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பெண், ஏ.ஓ.வின் அறையைத் தாண்டாமல் கந்தோரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு எப்படிப் போவது என்று தானாகவே வழி கண்டுபிடித்துவிடுவாள்.

என்னை அவர் ஒருநாளும் மகள் என்று கூப்பிட்டதில்லை. 'அக்கா' என்பார். இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. என்னைக் கண்டால் தள்ளி நின்று கைகூப்புவார். ஐம்பது தாண்டிய பெண்களுக்கு அரச சேவையில் கிடைக்கும் சலுகைகளில் இது ஒன்று. சுற்றறிக்கையில் இருக்காது.

"எனக்கு ரெண்டும் பெடியள். பொம்பிளைப் பிள்ளை இல்லாத குறை..." என்று அடிக்கடி சொல்லிப் பெருமூச்சு விடுவார். அந்தக் குறையைக் கந்தோர் முழுவதும் சேர்ந்து தீர்க்க வேண்டியிருந்தது.

இனி சுகந்தி. முகாமைத்துவ உதவியாளர். கொழும்பு ஜிந்துப்பிட்டிப் பிள்ளை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இப்போது முழங்கால் இரண்டும் போய், கொச்சிக்கடைச் சந்திவரை நடக்கவே ஒருவர் துணை வேண்டும். அவர்கள் வீடு இருக்கும் சின்ன ஒழுங்கையிலேயே அரசாங்க உத்தியோகம் கிடைத்த முதல் பெண் இவள்தான். செய்தி வந்த அன்று ஒழுங்கை முழுக்கக் கேசரி கொடுத்தார்களாம். சுகந்திக்கு மூன்று மொழியும் தண்ணீர் பட்ட பாடு. அதைவிட முக்கியம் அவளுடைய சிரிப்பு. கீழ் மாடியில் சிரித்தால் மேல் மாடியில் நான் பேனாவை வைத்துவிட்டு, என்ன பகிடி என்று கேட்கப் போவேன்.

ஒருநாள் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. நானும் முதலில் காய்ச்சலோ என்றுதான் நினைத்தேன். தேநீர் அறைக்கு இழுத்துக்கொண்டு போய், "ஏன் பிள்ளை, என்ன நடந்தது?" என்று கேட்டேன். பழைய ஃபைல்கள் வைக்கும் அறைக்கு மகள் சேர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். கதவைச் சாத்தியிருக்கிறார். அவள் தள்ளிவிட்டு வெளியே வந்திருக்கிறாள். சொல்லி முடிக்கும்வரை அழவில்லை. கப்பைக் கழுவிக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"கைய எடுங்க சேர்னு சொன்னேன்க்கா. அப்பா மாதிரி மகள், அப்பா மாதிரிங்கிறாரு. எங்கப்பா என்னைய ஒருநாளும் அப்பிடித் தொட்டதில்லக்கா."

எனக்குக் கொதித்துவிட்டது. உடனே பணிப்பாளரிடம் போனோம். எங்கள் பணிப்பாளர் நல்ல மனிதர். குரலை உயர்த்தமாட்டார், லஞ்சம் வாங்கமாட்டார், பிரச்சினை என்று ஒன்று வந்தால் தண்ணீர் குடிப்பார். அன்று ஒரு போத்தல் முடிந்தது. முதலில், சாட்சி இருக்கிறதா என்று கேட்டார். கதவைச் சாத்திவிட்டுச் செய்கிற வேலைக்கு யார் சேர் சாட்சி கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று நான் கேட்டேன். தண்ணீர். பிறகு, ஏதாவது தவறான விளக்கமாக இருக்குமோ என்றார். தண்ணீர். பாவம், பெண் பிள்ளை இல்லாத மனிதர், பாசத்தில் ஏதோ... என்றார். அதற்கு நான் பார்த்த பார்வையில் இன்னொரு மிடறு.

கடைசியில் ஒரு தீர்வும் கண்டுபிடித்தார். சுகந்தியின் நன்மைக்காக, சுகந்தியின் நிம்மதிக்காக, சுகந்திக்கே இடமாற்றம். எங்கே? தீவின் மறு பக்கத்தில் இருக்கும் மொனராகலைக்கு!

இதுதான் எங்கள் அரச சேவையின் கைவைத்தியம். அடுப்பு பற்றி எரிகிறது என்று சத்தம் போட்டவளை வீட்டை விட்டு அனுப்பிவிடுவது. அடுப்பு அதுபாட்டுக்கு எரியட்டும், சத்தம் இல்லைத்தானே?

சுகந்திக்கு மொனராகலை என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். நடக்க முடியாத அப்பாவையும் வீட்டில் உடுப்புத் தைக்கும் அம்மாவையும் ஜிந்துப்பிட்டியில் விட்டுவிட்டு அவள் அங்கே போய் எப்படி இருப்பது? போகாவிட்டால் ராஜினாமா. கேசரி கொடுத்த ஒழுங்கைக்கு என்ன சொல்வது? ஏன் வேலையை விட்டாய் என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள்.

உத்தரவு மட்டும் உடனே வரவில்லை. மகளிர் தின வைபவம் முடியட்டும் என்று வைத்திருந்தார்கள். ஏனென்றால் அழைப்பிதழ், வெற்றிலைத் தட்டு, மண்டப அலங்காரம் எல்லாம் சுகந்திதான் பார்க்க வேண்டும். பெண்களைப் போற்றும் விழாவுக்கு எல்லா வேலையையும் செய்துவிட்டு, அதன் பிறகு அவள் மொனராகலைக்குப் போகலாமாம். இதை எந்த மொழியில் பெயர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதுவரை நாங்கள் சும்மா இருந்தோமா? பெண்கள் எல்லோரும் கூடி ஒரு ஏற்பாடு செய்தோம். மகள் சேர் யாரையாவது ஃபைலோடு கூப்பிட்டால், தனியாகப் போவதில்லை. ஒருத்தி ஃபைலைத் தூக்குவாள். ஒருத்தி பேனாவைத் தூக்குவாள். இன்னொருத்தி ஃபைலைக் கட்டுகிற நாடாவைத் தூக்குவாள். நான் சும்மா, காற்று வாங்கப் போவேன். ஒரு கையெழுத்துக்கு ஒரு ஊர்வலம்! மனித வளம் வீணாகிறது என்று மகள் சேர் கூட்டத்தில் வருத்தப்பட்டார்.

இப்போது சொல்லுங்கள், இந்த லட்சணத்தில் மகளிர் தின ஏற்பாட்டுக் குழுவுக்குத் தலைவர் யார்?

சரியாகச் சொன்னீர்கள். அது ஏ.ஓ.வின் வேலையாம், காலங்காலமாக அப்படித்தானாம். பெண்கள் வாழை இலை வெட்டுவோம், கதிரை துடைப்போம், தேநீர் ஊற்றுவோம். ஆண்கள் மேடையில் ஏறி, பெண் இல்லாமல் உலகம் இல்லை என்று சொல்லிவிட்டு அந்தத் தேநீரைக் குடிப்பார்கள். மகள் சேர் அன்றைக்கு ஒரு உரையும் வைத்திருந்தார். தலைப்பு: 'பெண்மையைப் போற்றுவோம்.'

சாறியைத் தெரிவுசெய்ததும் அவர்தான். வேறு யாரையும் விடவில்லை. வெள்ளவத்தைக் கடையொன்றில் போய் உட்கார்ந்து, ஊதா நிறத்தில் வெள்ளிக்கரை போட்டதை எடுத்தார். நானும் நலன்புரிச் சங்கப் பொருளாளர் மிஸ்ஸும் கூடப் போயிருந்தோம். அத்தனை சாறியையும் ஒன்றாகக் கட்டச் சொன்னதும் கடைக்காரர், ஐயாவுக்கு இவ்வளவு மகள்மாரா என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார். மகள் சேரின் முகம் பூரித்துப்போனது.

பிரதம அதிதிக்கும் அதே சாறி ஒன்றை முன்கூட்டியே அனுப்பவேண்டும் என்பதும் அவருடைய யோசனைதான். பிரதம அதிதி, அமைச்சின் மேலதிகச் செயலாளர். சிங்களப் பெண்மணி. பெரிய பதவி, ஆனால் ஆள் மெலிந்து, நிமிர்ந்து, சுகந்தியின் உயரம். பின்னாலிருந்து பார்த்தால் வயதே தெரியாது. நலன்புரிச் சங்கத்தின் அன்பளிப்பாகச் சாறி போனது. மேடத்துக்கு அனுப்பியது தான்தான் என்று மகள் சேர் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். தன் பெயர் மேடத்தின் வாயில் வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. வந்தது, கொஞ்சம் வேறு விதமாக.

விழா நாள். நாங்கள் எல்லோரும் ஊதாவில். சுகந்தி கொண்டை போட்டு, பூ வைத்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு வந்திருந்தாள். அன்று அவளை என் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருந்தேன். நான் ஒலிவாங்கியில் தமிழ் அறிவிப்பாளர். பணிப்பாளரும் ஆண் உத்தியோகத்தர்களும் வெற்றிலைத் தட்டோடு முன் கேற்றில் மேடத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். மகள் சேரை மட்டும் காணவில்லை.

குத்துவிளக்குத் தயார். எண்ணெய் ஊற்றியாயிற்று, திரி போட்டாயிற்று. தீப்பெட்டி? அதை யாரும் கொண்டுவரவில்லை! இதுவும் எங்கள் கந்தோரின் பாரம்பரியம். எந்த விழாவிலும் கடைசி நிமிஷத்தில் தீப்பெட்டி தேடுவோம். நானும் சுகந்தியும் தேநீர் அறைக்கு ஓடினோம்.

அதற்குள் நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். மேடத்தின் வாகனம் முன் வீதி நெரிசலைப் பார்த்துவிட்டுப் பின் கேற்றால் வந்துவிட்டது. மேடம் இறங்கி, ஆரவாரம் இல்லாமல் தன்பாட்டுக்கு உள்ளே நடந்திருக்கிறார். தேநீர் அறையில் கிரிபத், அதுதான் பாற்சோறு, வாசம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர். உள்ளே ஒருவரும் இல்லை. கரண்டியை எடுத்து, பாற்சோற்றுக்கு இடித்த மிளகாய்க் கட்டைச்சம்பலில் உப்புப் புளி சரியா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கொண்டை போட்டு... ஊதாச் சாறி உடுத்தி... வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பெரிய மனது அவருக்கு. அனுப்பிய சாறியையே உடுத்தி வந்திருந்தார்.

நாங்கள் வாசலுக்கு வந்தபோது மகள் சேர் எங்களுக்கு முன்னால் உள்ளே போய்விட்டார். பூனை மாதிரி நடந்தார். அவருடைய கை அந்த ஊதாச் சாறியின் இடுப்புக்குப் போனது. வாய் காதுக்குப் போனது.

"என்ன மகள், எனக்கு ஒளிச்சு நிக்கிறியோ? இண்டைக்கு நல்ல வடிவு."

மேடம் திடுக்கிட்டுத் திரும்பினார். கரண்டியில் இருந்த கட்டைச்சம்பல் முழுவதும் மகள் சேரின் வெள்ளை நஷனல் சட்டையில், நெஞ்சுக்கு நேராக! மிளகாய்ச் சிவப்பு, சும்மா பளிச்சென்று இருந்தது.

பிறகு மகள் சேர் ஒரு மன்னிப்புக் கேட்டார். என் இருபத்தைந்து வருஷ மொழிபெயர்ப்பு உத்தியோகத்தில் அதைவிட அருமையான ஒரு வசனம் என் கைக்கு வந்ததில்லை. சிங்களத்தில்தான் சொன்னார். தமிழில் தருகிறேன்:

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மேடம்... நான் சுகந்தி எண்டு நினைச்சிட்டன்."

இவ்வளவு காலமும் பணிப்பாளர் தேடின சாட்சி இதோ! தானாகவே வாயைத் திறந்து வந்து நிற்கிறது. மனிதர் தப்புவதற்காகச் சொன்னார் பாருங்கள். சுகந்தி என்றால் செய்யலாம், மேடம் என்றால் செய்யக்கூடாது. அவருடைய கணக்கில் அது ஒரு விளக்கம். அதைக் கேட்டால் மேடம் சிரித்துவிட்டு, அப்படியா, பரவாயில்லை என்று சொல்வார் என்றே நினைத்திருக்கிறார்!

மேடம் கரண்டியைக் கீழே வைத்தார். சத்தமே போடவில்லை. சுகந்தி என்றால் சரியா என்று கேட்டார். யார் சுகந்தி என்று மேடம் எங்களைப் பார்த்துக் கேட்டார்.

என் பக்கத்தில் நின்றவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். இப்போது தலையைக் குனிந்துகொண்டால் மொனராகலை. சொன்னால் என்ன ஆகுமென்று யாருக்கும் தெரியாது. நான் சொல்லட்டுமா என்று வாயெடுத்தேன். சுகந்தி என் கையை விட்டுவிட்டு ஒரு அடி முன்னால் போனாள்.

"நான்தான் மேடம்."

அதன் பிறகு எல்லாவற்றையும் சிங்களத்தில் அவளே சொன்னாள். ஃபைல் அறை, சாத்திய கதவு, பணிப்பாளரின் கேள்வி, மொனராகலை. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மகள் சேர் இடையில் ஒருமுறை "மகள்..." என்று தொடங்கினார். "என் பேரு சுகந்தி சேர்" என்றாள். அதை மட்டும் தமிழில் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

மேடம் எல்லாம் கேட்டு முடித்து, விழாவை ஆரம்பிப்போம் என்றார். தீப்பெட்டியைத் தேடி எடுத்து சுகந்தியின் கையில் கொடுத்தார். முதல் திரியை அவளே கொளுத்தினாள். முன் கேற்றில் வெற்றிலைத் தட்டோடு நின்ற பணிப்பாளருக்கு, பிரதம அதிதி ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்று யாரோ போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மகள் சேரின் உரை. நான் மேடத்திடம் குனிந்து, ஏ.ஓ.வுக்கு உடம்பு சரியில்லையாம், விட்டுவிடுவோமா என்று கேட்டேன். உடம்பு சரியில்லை என்று மகள் சேரே ஒரு மூலையிலிருந்து சைகை காட்டிக்கொண்டிருந்தார். மேடம் முன் வரிசையில் சாய்ந்து உட்கார்ந்து, வேண்டாம், அவர் பேசட்டும், நான் கேட்க வேண்டும் என்றார்.

ஐயோ, அந்த உரை! எத்தனையோ அமைச்சர்மாரின் பேச்சை மொழிபெயர்த்திருக்கிறேன். ஆனால் ஒரு மனிதர் நெஞ்சில் கட்டைச்சம்பலோடு நின்று பெண்மையைப் போற்றியதை அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு கையால் கறையை மறைத்தார். மறு கையில் எழுதிக்கொண்டு வந்ததைப் பிடித்திருந்தார். "பெண்ணைத் தாயாக மதிப்போம்..." என்றார். மேடம் தலையை ஆட்டினார். "பெண்ணைச் சகோதரியாக மதிப்போம்..." மேடம் தலையை ஆட்டினார். மகள் சேர் அடுத்த சொல்லைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அது என்னவென்று தெரிந்துகொண்டுதான் இருந்தோம். ஊதாச் சாறிகள் எல்லாம் காத்திருந்தன. மனிதருக்கு இருமல் வந்துவிட்டது. பணிப்பாளர் எழுந்துபோய்த் தன்னுடைய தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார்.

எங்கள் வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள். சத்தமாக, மேல் மாடிக்குக் கேட்கிற சிரிப்பு. திரும்பிப் பார்க்காமலே எனக்கு ஆள் யாரென்று தெரிந்தது.

அதன் பிறகு எல்லாம் வேகம். அரசாங்கத்தில் கோப்புகள் ஊர்ந்துதான் போகும் என்று யார் சொன்னது? மேலதிகச் செயலாளரின் இடுப்பில் கை பட்டால் அவை ஓடும். ஒரு கிழமைக்குள் விசாரணைக் குழு வந்தது. சுகந்தி வாக்குமூலம் கொடுத்ததும் மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக எழும்பினார்கள். கந்தோரில் இத்தனை மகள்மார் இருந்தார்களா என்று குழுவுக்கே திகைப்பு. மொனராகலை உத்தரவு ரத்தானது. விசாரணை முடியும்வரை மகள் சேரைக் கொழும்புக்கு வெளியே ஒரு களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஆண்கள்.

நான் பெரிய வெற்றி என்று துள்ளிக்கொண்டு திரிந்தேன். கன்டீனில் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். சுகந்தி தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் சொன்னப்ப சாட்சி இருக்கான்னு கேட்டாங்க அக்கா. மேடம் சொன்னப்ப யாரும் கேக்கலயே."

நான் ரோல்ஸைக் கீழே வைத்தேன். அதே கை. அதே சாறி. உள்ளே இருந்த ஆள் மாறியதும்தான் அது குற்றமாகியிருக்கிறது. மேடத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அன்றைக்கு மேடம் பின் கேற்றால் வராமல், சாறியைச் சமையற்காரிக்குக் கொடுத்துவிட்டு வேறு ஒன்றை உடுத்தி வந்திருந்தால்? சுகந்தி இப்போது எங்கே இருந்திருப்பாள்? அதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் பகிடி வருவதில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

அந்த வருஷம் முழுக்க அவள் அந்தச் சாறியை உடுத்தவேயில்லை. அம்மாவின் தையல் மெஷினுக்கு மூடி தைக்கக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள்.

இப்படி எல்லாம் நடந்து ஒரு வருஷம் கழித்துத்தான் போன திங்கட்கிழமை அந்த அறிவித்தல் வருகிறது. ஆராய்ந்து, யோசித்து, எங்கள் கந்தோர் கண்டுபிடித்த குற்றவாளி... சாறி! நான் நேரே பணிப்பாளரிடம் போனேன். ஆள் மாறாட்டக் குழப்பங்களைத் தவிர்ப்பதற்காக என்று விளக்கினார். அப்படியென்றால் அடுத்த முறை தொடுகிறவர் ஆளைச் சரியாகப் பார்த்துத் தொடவேண்டும் என்பதற்காகவா சேர் இந்த ஏற்பாடு என்று கேட்டேன். போத்தலைத் தேடினார். அது காலியாக இருந்தது.

வியாழக்கிழமை மாலை, கந்தோர்ப் பெண்களின் வட்ஸ்அப் குழுவில் சுகந்தியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "நாளைக்கு ஊதா."

வேறு விளக்கம் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை விழா. வெள்ளவத்தையில் நான் பஸ் ஏறும்போதே உள்ளே ஊதாவில் ஒருத்தி. கந்தோர் வாசலில் இறங்கினால் ஊதா, படியில் ஊதா, மாடியில் ஊதா. பொருளாளர் மிஸ் ஒரு வருஷத்தில் கொஞ்சம் உடம்பு வைத்துவிட்டார். பிளவுஸ் இறுக்கமாகிவிட்டது என்று பிரித்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தார். பணிப்பாளர் அறிவித்தல் பலகையை ஒருமுறை பார்த்தார், எங்களை ஒருமுறை பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். புது ஏ.ஓ. ஒரு இளம் சிங்களப் பெடியன், பயந்த சுபாவம். அன்று முழுவதும் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடந்தான். இந்த முறை தேநீர் பரிமாறியதும் ஆண்கள்தான். சீனி போட மறந்துவிட்டார்கள். பரவாயில்லை, அடுத்த வருஷம் பழகிவிடும்.

சுகந்தி கடைசியாக வந்தாள். ஊதாவில்தான். தையல் மெஷினுக்கு மூடி தைக்கவில்லையா என்று கேட்டேன். அம்மா கத்தரிக்கோலை எடுத்தாங்களாம், இவள் பிடுங்கி வைத்துவிட்டாளாம்.

இரண்டு பேருமாகத் தேநீர் அறையில் நின்று கட்டைச்சம்பலுக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அவள் ஒரு செய்தி சொன்னாள். விசாரணை இன்னும் முடியவில்லை, மகள் சேர் இருக்கும் களஞ்சியத்தில் கொச்சிக்கடை அண்ணன் ஒருவர் வேலை செய்கிறாராம், அப்பாவுக்குத் தெரிந்தவர். அங்கே சேர் எப்படி என்று இவள் விசாரித்திருக்கிறாள்.

"அங்க நெறையாச் சின்னப் பசங்களாம் அக்கா. இவரு மகன் வயசுதானாம் எல்லாருக்கும். இந்த ஒரு வருஷத்துல ஒருத்தனக்கூட இவரு மகன்னு கூப்ட்டதே இல்லியாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், கரண்டியிலிருந்த சம்பல் என் சாறியில் விழுந்துவிட்டது.

மனிதருக்குக் கிடைத்த இடமாற்றம், அந்தப் பாசத்துக்கு மட்டும் கிடைக்கவில்லை போலிருக்கிறது!